இரண்டாவது நாற்காலி

பாசல் நகரில், நான்காம் மாடியில்,
ஜன்னலுக்குக் கீழே ரைன் நதி தன்பாட்டுக்குப் போகும் அறையில்
என் உத்தியோகம் இரண்டாவது நாற்காலி.
முதலாவதில் டாக்டர் குப்லர்.
அவர் பேசலாம். நான் கூடாது.
வாளி என் பொறுப்பு, போர்வை என் பொறுப்பு,
கேட்டால் மட்டும் கை.

ஃப்ளூரின் லிஃப்டில் வரவில்லை.
எண்பத்தெட்டுப் படி. எண்ணிக்கொண்டே ஏறியிருக்கிறான்.
வயது பதினேழு; மீசை இன்னும் முடிவெடுக்கவில்லை.
ஒப்புதல் தாளில் அவன் கையெழுத்து,
அடியில் அம்மாவுடையது,
அதற்கும் அடியில் நெறிமுறைக் குழுவின் முத்திரை.
இத்தனை பேர் சேர்ந்து திறக்கும் கதவு
திரும்பச் சாத்திக்கொள்ளுமா என்று
எந்தத் தாளிலும் இல்லை.
பத்து மாதமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

கோப்பில் உள்ளது இவ்வளவு:
போன பிப்ரவரி. பெருங்காற்று.
கம்பிவண்டி நடுவானில் நின்றது, ஒன்பது மணி நேரம்.
உள்ளே இரண்டு பையன்கள், பாதி சாக்லேட்.
கொக்கி உடைந்து கதவு திறந்தபோது
குர்தினின் கை இவன் கையில் இருந்தது.
பிறகு கையுறை இருந்தது.

கடைசி வரி கோப்பில் இல்லை. அவன் சொன்னது.
சொல்லிவிட்டுத் தண்ணீர் கேட்டான்.

மாத்திரை சாம்பல் நிறம். காளானின் சாரம்.
நான் பிறந்த ஜூரா மலைப் பக்கம்
மாடு மிதித்துப் போகும் புல்லில் முளைப்பதற்கு
இங்கே தராசு, பூட்டிய அலமாரி, இரண்டு சாட்சி.
விழுங்கினான். கண்பட்டி கட்டிக்கொண்டான்.
நாற்பது நிமிடம் ஒன்றுமில்லை.
“ஏமாத்திட்டீங்க” என்றான்.
பிறகு அவன் கால்விரல்கள் எதையோ பற்றத் தொடங்கின.

நிறங்கள் வந்தனவா என்று கேட்பீர்கள்.
எல்லோரும் கேட்கிறார்கள், என் தங்கை கணவர் உட்பட.
நான் பார்த்தது: பல் கிட்டியது. மூக்கு ஒழுகியது.
ஒரு காலுறை கழன்று விழுந்தது, யாரும் எடுக்கவில்லை.

“நான் கம்பி” என்றான்.
டாக்டர் “ம்” என்றார்.
“ரெண்டு மலையும் என்னை இழுக்குது.
வண்டி என் மேல தொங்குது. உள்ள யாரோ ரெண்டு பேர்.
எனக்குக் கை இல்ல.”
கொஞ்சம் கழித்து, வேறு குரலில்,
யாரோ கடனைத் தள்ளுபடி செய்ததைச் சொல்வதுபோல:
“எனக்குக் கையே இல்ல.”

அதன்பின் வாளி.
அதன்பின் கை; கேட்டான், கொடுத்தேன்.
எலும்பு நொறுங்கும்படி பிடித்தான்.
கையுறை போடாத கை என்பதை
விரல் விரலாகத் தடவி உறுதிசெய்துகொண்டான்.

இரண்டரைக்குச் சிறுநீர் முட்டியது.
பேரண்டமே திறந்தாலும் இது உண்டு.
தாழ்வாரத்தில் லிஃப்டைக் கடக்கையில்
எதிர்ச்சுவரை உரசிக்கொண்டு நடந்தான்.
கழிப்பறையில் குழாயைத் திறந்துவிட்டு
மூடவே இல்லை.
“தண்ணி எவ்வளவு சுலபமா விழுது” என்றான்.
பேசக் கூடாது என்ற விதிக்கு
அப்போது நன்றி சொன்னேன்.

இதே படுக்கையில் ஜிலியா என்றொருத்தி.
மருந்துக்குப் பிறகு மூன்று வாரம் தூங்கவில்லை,
அறை விளக்கை அணைக்க விடவில்லை.
அதையும் எழுதிவைத்திருக்கிறோம், அதே மையால்.
ஆகவே என்னிடம் அதிசயம் கேட்டு வராதீர்கள்.

மாலை ஆறு. கீழே காரில் அம்மா.
வெண்ணெய் தடவி மூன்று துண்டு ரொட்டி தின்றான்.
ஷூ கயிறு கட்ட ரொம்ப நேரமானது.
வெளியே வந்தவன் லிஃப்ட் முன் நின்றான்.
பொத்தானை அழுத்தினான். திறந்தது.
கையை மட்டும் உள்ளே நீட்டி
தரைத்தளத்தை அழுத்திவிட்டு
வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.
கதவு மூடியது. காலிப் பெட்டி இறங்கியது.

ஓடினான்.
படிகளில், தடதடவென்று, எண்ணாமல்;
பின்னால் நான், இன்னும் வாளியோடு;
கீழே அது
பத்திரமாகத் திறக்கிறதா என்று பார்க்க.